மனச்சான்றின் புண்

உடலிற் பட்ட புண்ணை மருந்து ஆற்றும். உழைப்பால் வந்த களைப்பை ஓய்வு போக்கும். இவ்விரண்டினும் வேறானதொரு நோவு உண்டு. 'செய்யத் தகாததைச் செய்தேன். செய்யத் தக்கதைச் செய்யாது நின்றேன்' என்று ஒருவன் தன்னைத்தானே குற்றஞ்சாட்டி நாடோறும் நைந்து போதலே அது. ஆங்கிலத்தில் 'மாரல் இஞ்சுரி' என வழங்கும் இதனை நாம் மனச்சான்றின் புண் எனலாம். இஃது எவ்வாறு உண்டாகின்றது, இதனைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இப்பெயர் முதற்கண் போர்வீரரைக் குறித்தே வழங்கலாயிற்று. வியட்நாம் போரினின்று மீண்ட வீரர்க்குப் பாஸ்டன் நகரில் மனநல மருத்துவராயிருந்த ஜானதன் ஷே என்பார், 1994இல் 'வியட்நாமில் அக்கிலீஸ்' என்னும் பொருளமைந்த தலைப்புடைய நூலை வெளியிட்டார். ஹோமரின் இலியத்தில், படையினர் அக்கிலீசுக்கு அளித்த பரிசைத் தலைவன் அகமெம்னான் தன் அதிகாரத்தாற் பறித்துக்கொள்கின்றான். பகைவரின் வேல் செய்யாத கேட்டைத் தன் தலைவனின் முறைகேடு செய்துவிடுகின்றது. தம்மிடம் வந்த வீரர் பலரின் உள்ளமும் இவ்வாறே உடைந்ததை ஷே கண்டார். 2009இல் பிரெட் லிட்ஸ் முதலிய உளநூலார் இக்கருத்தை விரித்து, தன் அறவுணர்வுக்கு மாறானதைத் தானே செய்தலும், பிறர் செய்வதைத் தடுக்கத் தவறுதலும், வாளா கண்டு நிற்றலும் இப்புண்ணை விளைக்கும் என்றனர்.

போர்க்களத்திற்குப் புறம்பேயும் இந்நோவு உண்டு. 1984இலேயே ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்பார், தாதியர் தொழிலைப்பற்றி எழுதுங்கால், செய்யத்தக்கது இதுவென நன்கறிந்தும் நிலையத்தின் தடைகளால் அதனைச் செய்யவொண்ணாது வருந்தும் நிலையை வேறு பிரித்துக் காட்டினார். அவ்வருத்தம் ஆறாது நீடிப்பின் புண்ணாகவுங் கூடும்.

வட இத்தாலியின் லொம்பார்டி மாநிலத்தில் 2020இல் நிகழ்ந்ததே இதற்குத் தக்க சான்று. பிப்ரவரி இறுதியில் அங்குக் கோவிட் நோய் வெளிப்பட்டது. சில வாரங்களுள் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் நிறைந்துவிட்டன. மூச்சுக்கருவி வேண்டி நின்றோர் பலர், கருவிகளோ சில. ஒருவருக்கு அளித்தல் மற்றொருவருக்கு மறுத்தலேயாயிற்று. உற்றார் உள்ளே வருதற்குத் தடையிருந்தமையின் நோயாளர் பலர் தனியராய் உயிர்நீத்தனர். இத்தகைய வேளையில், 'இயன்றதனைத்தும் செய்தாய்' என்று அறிவு கூறினும், 'கைவிட்டாய்' என்று மனச்சான்று கூறும்.

இப்புண் வலிமையற்றோர்க்கு வருவதென்று கருதுதல் பெரும்பிழை. மனச்சான்று மழுங்கியவனுக்கு இஃது ஒருநாளும் வாராது. கடமையை உயிரினும் ஓம்புவோர்க்கே வரும். ஆதலின், 'மனத்திடங் கொள்ளுங்கள்' என்னும் அறிவுரையும் சில நாள் விடுமுறையும் இதற்கு மருந்தாகா. சைமன் டால்பட், வெண்டி டீன் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 2018இல் இதனையே வற்புறுத்தினர். மருத்துவரின் சோர்வுக்குக் காரணம் அவர்தம் ஆற்றற்குறை அன்று. நோயாளியின் நன்மைக்கும் நிலையத்தின் வரவுசெலவுக்கும் இடையில் அவர் நெருக்குண்ணுதலே என்பது அவர் கூற்று. குறை தொழிலின் அமைப்பில் இருக்குமாயின், திருத்தமும் ஆண்டே தொடங்குதல் வேண்டும்.

திருத்தும் வழிகள் சில உள. முதலாவது, முடிவின் சுமையைத் தனியொருவர் தலையில் ஏற்றாமை. 2020 மார்ச்சு 6ஆம் நாள் இத்தாலிய மயக்கமருந்து மருத்துவர் சங்கம், தீவிர சிகிச்சையை யாவர்க்கு அளிப்பதென்பதற்கு நெறிமுறை வகுத்தது. வயதெல்லை வகுக்க நேரலாம் என்ற அதன் கூற்றுப் பெருங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. எனினும், மருத்துவரின் பொறுப்பில் ஒரு பகுதியைத் தான் ஏற்பதும் தன் நோக்கமென அஃது எழுதியது கருதத்தக்கது.

இரண்டாவது, வரப்போவதை மறையாது முன்னரே கூறுதல். 2020 மார்ச்சில் நீல் கிரீன்பெர்க் முதலியோர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், பொய்யாறுதல் கூறாது, நேரவிருக்கும் அறச்சிக்கல்களை ஊழியர்க்கு வெளிப்படையாக எடுத்துரைக்க வேண்டுமென்றனர்.

மூன்றாவது, பட்டதைப் பேசுதற்கு இடமளித்தல். புற்றுநோயால் 1995இல் மறைந்த கென்னத் ஷ்வார்ட்ஸ் என்னும் பாஸ்டன் வழக்கறிஞர், இறக்குமுன் நிறுவிய நிலையத்தின் வாயிலாக, மருத்துவரும் தாதியரும் பிற ஊழியரும் ஒருங்கமர்ந்து தம் பணியின் மனத்துயரைப் பேசும் கூட்டங்கள் தோன்றின. பின்னர் அவை இங்கிலாந்திலும் பரவின.

இவை யாவும் நல்லனவே. ஆயினும், போதிய ஆட்களும் கருவிகளும் இல்லாதவிடத்துப் பேச்சு மட்டும் புண்ணாற்றாது. முறைகேட்டை எடுத்துரைத்தவரைத் தண்டிக்குமிடத்தும் அவ்வாறே.

இக்கல்லூரியினின்று மருத்துவராயும் ஆசிரியராயும் அலுவலராயும் செல்வோர் நம்முட் பலர். அவருட் சிலர் தலைமையும் ஏற்பர். கீழ்ப் பணிபுரியும் ஒருவர், 'ஐயா, இது முறையன்று' என்று கூறவரின், அது பணியாமை அன்று. பழுதுறாத மனச்சான்றின் குரல். அதனை அமர்ந்து கேட்டலும், இயன்றவிடத்து ஆவன செய்தலும், இயலாவிடத்துக் காரணத்தை மறையாது உரைத்துப் பொறுப்பைத் தாம் ஏற்றலும் தலைவர் கடன். புண் வந்தபின் ஆற்றுதலினும் வாராமற் காத்தல் எளிது.