33 இன்னிங்ஸ்... 3-2 ஸ்கோர்... முடிய 2 மாதம்! பேஸ்பாலில் ஒரு மேட்ச் இவ்வளவு நீண்டது எப்படி?

அமெரிக்க பேஸ்பாலில் ஒரு மேட்ச்சுக்கு 9 இன்னிங்ஸ். சாதாரணமாக மூன்று மணி நேரத்துக்குள் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். ஆனால் 1981 ஏப்ரல் 18-ம் தேதி, சீசன் தொடங்கிய புதிதில் நடந்த ஒரு மேட்ச், விடிய விடிய ஆடியும் முடியவில்லை!

ரோட் ஐலண்ட் மாகாணத்தின் பாடக்கெட் நகர மைதானம். உள்ளூர் அணியான பாடக்கெட் ரெட் சாக்ஸும், ரோசெஸ்டர் ரெட் விங்ஸும் மோதின. இரண்டுமே மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே இருந்த அணிகள். 9 இன்னிங்ஸ் முடிவில் ஸ்கோர் 1-1.

சரி, சமன் ஆனால் என்ன செய்வார்கள்?

கிரிக்கெட் போல சூப்பர் ஓவர் எல்லாம் கிடையாது. யாராவது முன்னிலை பெறும்வரை ஒவ்வொரு இன்னிங்ஸாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு இன்னிங்ஸிலும் வெளியூர் அணி முதலில் பேட் செய்யும். அது ரன் எடுத்தாலும் ஆட்டம் முடியாது, உள்ளூர் அணிக்குப் பதில் சொல்ல வாய்ப்பு உண்டு. அன்றைக்கு அதுதான் நடந்தது. 21-வது இன்னிங்ஸில் ரோசெஸ்டர் ஒரு ரன் எடுத்தது. 'அப்பாடா' என்று நினைத்த நேரத்தில், பாடக்கெட்டின் வேட் பாக்ஸ் அடித்த அடியில் மறுபடியும் சமன், 2-2!

கடும் குளிர். உடைந்த பேட்களைக் கொளுத்தி வீரர்கள் குளிர்காய்ந்தார்கள். நள்ளிரவு தாண்டினால் ஆட்டத்தை ஒத்திவைக்கும் விதி பெரும்பாலான லீக்குகளில் இருந்தது. ஆனால் நடுவர்கள் கையில் இருந்த விதிப் புத்தகத்தில் அந்த வரியே இல்லை! அதனால் அவர்களாக நிறுத்த மறுத்துவிட்டார்கள். ஆக, இது வீரர்களின் சாதனை என்பதைவிட, விட்டுப்போன ஒரு வரியின் விளைவு என்றே சொல்ல வேண்டும். கடைசியில் லீக் தலைவரை போனில் பிடித்து, அவர் சொன்ன பிறகே, 32 இன்னிங்ஸ் முடிந்து அதிகாலை 4.07-க்கு ஆட்டம் நின்றது. 1,740 பேர் வந்த மைதானத்தில் அப்போது மிச்சம் இருந்தது 19 பேர்தான்.

மீதி ஆட்டம் ஜூன் 23-ல் நடந்தது. மேஜர் லீக் வீரர்கள் ஸ்டிரைக்கில் இருந்த நேரம் என்பதால் பத்திரிகையாளர்கள் எல்லாரும் பாடக்கெட்டுக்குக் கிளம்பி வந்தார்கள். ஆனால் ஆட்டம் 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது! 33-வது இன்னிங்ஸில் டேவ் கோசா அடித்த பந்தில் பாடக்கெட் 3-2 என வென்றது. தோற்ற அணியில் ஆடிய கேல் ரிப்கென், வென்ற அணியில் ஆடிய வேட் பாக்ஸ் இருவரும் பின்னாளில் பேஸ்பாலின் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் பெற்றவர்கள். வெற்றி ரன்னுக்கு வழி செய்த கோசாவோ மேஜர் லீகில் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை.

இப்போது இப்படி நடக்குமா?

லீக் சுற்றில் வாய்ப்பு மிகக் குறைவு. 2020 முதல் மேஜர் லீகில் 10-வது இன்னிங்ஸ் தொடங்கும்போதே இரண்டாவது பேஸில் ஒரு வீரரை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் ரன். 2023-ல் இது நிரந்தர விதியானது. 'உழைக்காமல் கிடைத்த ரன்' என்று பழைய ரசிகர்கள் முணுமுணுக்கிறார்கள், அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஜப்பானில் இந்தத் தலைவலியே கிடையாது. லீக் ஆட்டம் 12 இன்னிங்ஸில் முடியாவிட்டால் டிரா, அவ்வளவுதான்.

ஆனால் மேஜர் லீக் பிளே ஆஃப் சுற்றில் இந்தச் சலுகை இல்லை, பழைய முறைதான். 2018 வேர்ல்ட் சீரிஸின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ், 7 மணி 20 நிமிடம் ஓடியது. அதுவும் முடிந்தது 3-2 என்ற ஸ்கோரில்தான்.