பிளாஸ்டிக் புராணம் – 7: புடவைக்குள் ஒரு பாட்டில்

சென்ற வாரம் பிளாஸ்டிக் வகை எண் 1, பெட் பாட்டில். இந்த வாரம் எண் 5, புடவைக் கவர் என்று சொல்லியிருந்தேன். கவரைப் பார்க்கத்தான் ஆரணிக்குப் போனேன், ஜரிகையில் சிக்கிக்கொண்டேன்.

சுத்த ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. அது கட்டுப்படியாகாதவர்களுக்குச் செம்பை வைத்துச் செய்யும் ‘டெஸ்டட்’ ஜரிகை. அதற்கும் கீழே மூன்றாவதாக ஒன்று உண்டு. பாலியஸ்டர் தாளைக் காற்றில்லாத அறைக்குள் ஓடவிட்டு, அலுமினியத்தை ஆவியாக்கி அதன்மேல் படியவைப்பார்கள். படலத்தின் கனம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மேலே பொன்னிற வார்னிஷ். பிறகு இழை இழையாகக் கிழித்தால் ஜரிகை! சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறம் பளபளப்பதும் இதே வித்தையால்தான்.

அந்தப் பாலியஸ்டரும் நம் தண்ணீர் பாட்டிலும் ஒரே பொருள், அதே பெட். இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத சங்கதி இதுதான். 1941இல் இதைக் கண்டுபிடித்த வின்ஃபீல்டும் டிக்சனும் வேலை பார்த்தது பாட்டில் கம்பெனியில் அல்ல. மான்செஸ்டரில் துணிக்கு அச்சுப்போடும் நிறுவனத்தில். அவர்கள் தேடியது நூல். நத்தேனியல் வயத் இதைப் பாட்டிலாக்கிக் காப்புரிமை வாங்கியது 1973இல்தான். ஆக, பெட் பிறந்ததே ஜவுளிக் குடும்பத்தில். தண்ணீர் வியாபாரத்துக்கு வந்தது பின்னால்தான்.

ஆரணியை அடுத்த சேவூர்ப் பக்கம் ஒரு தறிக்காரர் இரண்டு இழைகளைத் தீயில் காட்டினார். பட்டு, முடி பொசுங்கும் வாடையோடு கருகி, விரலால் நசுக்கியதும் பொடியானது. மற்றது, பிளாஸ்டிக் ஜரிகை, சுருண்டு உருகி, கறுப்பாகக் கடுகுபோல் இறுகிக்கொண்டது. “இதை எவன் சார் வாங்குவான்?” என்றார்.

கேள்வி நியாயமானது. ‘பழைய பட்டுப்புடவை இருக்கா’ என்று தெருவில் குரல் கொடுப்பவர்கள் முந்தானையை உரசிப் பார்ப்பது வெள்ளிக்காக. எரித்து உருக்கினால் வெள்ளி மிஞ்சும். பிளாஸ்டிக் ஜரிகையில் கடுகுதான் மிஞ்சும். பாட்டிலையாவது நசுக்கி, கழுவி, மறுபடி நூலாக்கலாம். அது தனியாக நம் கைக்கு வருகிறது. பட்டோடு பின்னிப்போன பெட்டைப் பிரித்தெடுக்கக் கூலி கட்டாது. குப்பைமேடு, இல்லையென்றால் சிமெண்ட் ஆலைச் சூளை. தறியில் இருக்கும்போதே அதன் கதி முடிவாகிவிடுகிறது. விலைச்சீட்டில் ஜரிகை எந்த வகை என்று அச்சிடச் சட்டம் வேண்டும் என்பது என் கட்சி.

கவர்? 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. ஆகவே கடையில் வெளியே துணிப்பை, உள்ளே பளபள கவர்! அந்த வேடிக்கை அடுத்த வாரம், சத்தியமாக. அதற்குள் பீரோவில் இருக்கும் புடவைக் கவர்களில் ஓரத்துண்டு வெட்டித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீனோ பாலித்தீனோ. கெட்டியான ஜிப் கவர் மூழ்கினால் பெரும்பாலும் பிவிசி. மூழ்கியதை மட்டும் எக்காரணம் கொண்டும் கொளுத்தாதீர்கள். அமிலப் புகை வரும்.