தூக்கம் கேட்டுப் போராடிய டாக்டர்கள்!

நடு ராத்திரி. குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். தாயும் தகப்பனும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அங்கே குழந்தையை முதலில் பார்ப்பவர் யார்?

பெயர் பெற்ற பெரிய டாக்டர் அல்ல. அவர் வீட்டில் தூங்கிக்கொண்டு இருப்பார். ஓர் இளம் டாக்டர்தான் ஓடி வருவார். அவர் பட்டம் வாங்கியவர். மேல் பயிற்சி பெறுகிறவர்.

அந்த டாக்டர் கடைசியாகத் தூங்கியது எப்போது? இதை யாரும் கேட்பது இல்லை. அமெரிக்காவில் டாக்டர்களே கேட்டார்கள். அதற்காகச் சங்கமும் வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியே வீடு

அங்கே இவர்களுக்கு "ரெசிடென்ட் டாக்டர்" என்று பெயர். "தங்கி இருப்பவர்" என்று அர்த்தம். பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி 1889-ல் திறக்கப்பட்டது. இந்தப் பயிற்சி முறை அங்கேதான் வளர்ந்தது. இளம் டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கி, இரவு பகலாக வேலை பார்த்தார்கள்.

காலம் மாறியது. டாக்டர்களுக்கும் மனைவி, மக்கள் என்று குடும்பம் ஏற்பட்டது. வேலை நேரம் மட்டும் மாறவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி டூட்டி. விடிந்த பிறகும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரே மூச்சில் 36 மணி நேர வேலை!

தனி ஒருவர் இதை எதிர்த்துப் பேச முடியுமா? பயிற்சியை முடித்ததாகச் சான்று கொடுப்பவரே மேலதிகாரி. அவரைப் பகைத்தால் எதிர்காலம் என்ன ஆவது?

சங்கம் பிறந்தது

எனவே, நியூயார்க் நகர ஆஸ்பத்திரிகளின் இளம் டாக்டர்கள் 1957-ல் ஒன்று சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். மறு ஆண்டே நகர நிர்வாகத்துடன் ஒப்பந்தம் செய்தார்கள்.

1975 மார்ச் மாதம் வேலைநிறுத்தம் நடந்தது. முக்கியக் கோரிக்கை சம்பளம் அல்ல, வேலை நேரம்! "களைத்துப்போன டாக்டரால் நோயாளிக்கு ஆபத்து" என்பது அவர்கள் வாதம். சில நாட்களில் சமரசம் ஏற்பட்டது.

அடுத்த ஆண்டே ஓர் அடி விழுந்தது. "இவர்கள் தொழிலாளர்கள் அல்ல, மாணவர்கள்" என்று மத்திய தொழிலாளர் போர்டு தீர்ப்புக் கூறியது. தனியார் ஆஸ்பத்திரிகளில் சங்கம் வளர அது தடையாக நின்றது. அந்தத் தீர்ப்பு மாற 1999 வரை காத்திருக்க வேண்டி இருந்தது.

ஒரு பெண்ணின் சாவு

இதற்கிடையே, 1984-ல் ஒரு துயரச் சம்பவம். நியூயார்க்கில் காய்ச்சலுடன் ஆஸ்பத்திரிக்கு வந்த 18 வயதுப் பெண், சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அவளைக் கவனித்தவர்கள் பயிற்சி டாக்டர்கள்.

தூக்கம் இல்லாததுதான் சாவுக்குக் காரணம் என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. பெரிய டாக்டர்களின் மேற்பார்வை போதவில்லை என்ற புகாரும் இருந்தது. ஆனால் தகப்பனார் விடவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டார். விசாரணை நடந்தது. டாக்டர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் குழு அமைக்கப்பட்டது.

1989-ல் நியூயார்க் மாநிலத்தில் புதிய விதி வந்தது. வாரத்துக்கு 80 மணி நேரத்துக்குமேல் வேலை கூடாது; தொடர்ந்தாற்போல் 24 மணி நேரத்துக்குமேல் கூடாது! 80 மணி வரம்பு 2003-ல் அமெரிக்கா முழுவதற்கும் வந்தது.

80 மணியும் கொஞ்சம் அல்ல. அங்கே ஆபீசில் வேலை பார்ப்பவருக்கு வாரம் 40 மணிதான். இது அதைப்போல் இரண்டு மடங்கு!

இன்னும் ஓயவில்லை

2023 மே மாதம், நியூயார்க்கின் எல்ம்ஹர்ஸ்ட் ஆஸ்பத்திரியில் சுமார் 160 ரெசிடென்ட் டாக்டர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வும் பெற்றார்கள். 2020-ல் கொரோனா நோய் அந்த ஆஸ்பத்திரியை உலுக்கியபோது, வார்டுகளில் இரவு பகலாக நின்றவர்கள் இப்படிப்பட்ட பயிற்சி டாக்டர்களே.

"டாக்டர்கள் வேலையை நிறுத்தலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதே வாயால் இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டு நாள் தூங்காத டிரைவர் ஓட்டும் பஸ்ஸில் நம் பிள்ளையை ஏற்றுவோமா? தூங்காத டாக்டர் கையில் மட்டும் எப்படிக் கொடுப்பது?