சூடு ஏறினால் கால் தளர்வது ஏன்?

‘என் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். யோகாவில் குணமாகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். ஆனால் கொஞ்சம் வேகமாக நடந்தாலே அவளுக்குப் பார்வை மங்குகிறது, கால் தளர்கிறது. யோகா செய்யலாமா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

செய்யலாம். ஆனால் குணமாகாது. நோய் எதிர்ப்பு அணுக்கள் மூளை, தண்டுவட நரம்பிழைகளின் மயலின் உறையை அரிப்பதுதான் இந்த நோய். அரிக்கப்பட்ட உறையை ஆசனம் மீண்டும் வளர்த்ததற்குச் சான்று இல்லை. எப்படிச் செய்வது என்பதற்கு, அக்காவின் மங்கும் பார்வையே விடை வைத்திருக்கிறது.

மயலின் உறைக்கு நடுவே வரிசையாகச் சிறு இடைவெளிகள் உண்டு; அவை ரான்வியர் கணுக்கள். அங்குள்ள சோடியம் வாயில்களை வாய்க்கால் மதகுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணுவிலும் மதகு திறந்து, சைகைக்குப் புது வேகம் கொடுத்து அடுத்த கணுவுக்கு அனுப்புகிறது. நல்ல நரம்பு சிமென்ட் பூசிய வாய்க்கால். அடுத்த மதகைத் திறக்கத் தேவையானதைப்போல் 3 முதல் 7 மடங்கு மின்னோட்டம் அங்கே வந்து சேரும். மயலின் போன இடமோ நண்டு வளை விழுந்த மண் வாய்க்கால். கசிந்தது போக, மட்டுமட்டாகத்தான் மிஞ்சும்.

இப்போது உடல் சூடு ஏறுகிறது. சூட்டில் இந்த மதகுகள் சீக்கிரமே மூடிக்கொள்ளும். பாயும் அளவு குறையும். சிமென்ட் வாய்க்காலில் அது தெரியவே தெரியாது. நண்டு வளை வாய்க்காலிலோ கடைமடை காய்ந்துவிடும். சிலருக்கு அரை டிகிரி செல்சியஸ் ஏறினாலே போதும். சூடு தணிந்தால் மதகு பழையபடி வேலை செய்யும். எழுத்து கலங்கி நாளிதழை மடித்து வைத்தவர், மின்விசிறியடியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு விட்ட வரியிலிருந்து படிப்பார். வாய்க்காலில் புதிதாக ஒரு வளைகூட விழவில்லை! இந்த நோயில் எனக்குப் பெரிய ஆறுதலாகத் தெரிவது இதுதான்.

ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் 1890இல் இப்படிப் பார்வை மங்குவதைப் பதிவு செய்தபோது, உடலுழைப்பே காரணம் என்று கருதினார். சூடுதான் காரணம் என்பது பிற்பாடு தெளிந்தது. ஆனாலும் ‘உடம்பை அலட்டிக்கொள்ளாதீர்கள்’ என்ற அறிவுரை பல பத்தாண்டுகள் நீடித்தது.

அதற்கு மாறாக, நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவின் ஓரிகானில் நடந்து, 2004இல் வெளியானது. 69 நோயாளிகள், ஆறு மாதம். ஒரு குழுவுக்கு ஐயங்கார் யோகா, இன்னொன்றுக்கு நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள், மூன்றாவது குழு காத்திருப்பில். யோகா செய்தவர்களுக்குக் களைப்பு குறைந்தது. சைக்கிள் மிதித்தவர்களுக்கும் குறைந்தது. நினைவாற்றல், கவனம் போன்றவற்றில் இரண்டுமே மாற்றம் தரவில்லை. சைக்கிள் பற்றிய இந்தப் பாதியை வீடியோக்கள் சொல்வதில்லை. களைப்பு என்பது நோயாளியே சொல்லி நாம் குறித்துக்கொள்வது; பயிற்சி கிடைத்த தெம்பிலேயே கொஞ்சம் குறைந்திருக்கவும் கூடும்.

அப்படியானால் யோகாவின் தனி நன்மை என்ன? அந்த ஆய்வில் நாற்காலியையோ சுவரையோ பிடித்துக்கொண்டு, அல்லது தரையில் இருந்தபடி ஆசனம் செய்தார்கள். சில விநாடிகள் நிலை, பிறகு ஓய்வு. தசைக்கு வேலை கிடைக்கும், சூடு ஏற இடமிருக்காது. அறையை 40 டிகிரிக்குச் சூடேற்றிச் செய்யும் ‘ஹாட் யோகா’வை மட்டும் அக்கா தொடவே வேண்டாம்.

காலையில் வெயில் ஏறுமுன், ஜில்லென்று கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, மின்விசிறியடியில் செய்யச் சொல்லுங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நரம்பியல் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லும் ஆசிரியர் வேண்டவே வேண்டாம். உடல் குளிர்ந்த பிறகும் மங்கல் தெளியாமல் ஒரு முழு நாள் நீடித்தால், அது சூட்டின் வேலை அல்ல; உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.