அடுத்த உருட்டில் தாயம் விழுமா?

ஜூன் விடுமுறையில் ஒரு மழைநாள். வெளியே போக வழியில்லை. அம்மா அலமாரியைத் துழாவிப் பழைய பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்து வந்தார். தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு அதுதான் முதல் தாய ஆட்டம்.

காயைக் கட்டத்தில் இறக்க ஒன்று, அதாவது தாயம், விழ வேண்டும். ஏழு முறை உருட்டினாள். விழவில்லை. முகம் வாடிவிட்டது.

“கவலைப்படாதே கண்ணு. இவ்வளவு நேரம் விழல இல்ல? அடுத்தது கண்டிப்பா விழும்,” என்றார் பாட்டி.

எட்டாவது முறையும் விழவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், இதே பேச்சை வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறோமே என்று தோன்றியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. என் அப்பா டாக்சி ஓட்டியவர். அவர் மறைந்த பிறகும், அந்த டாக்சியின் நான்கு எண்களை அம்மா 4டியில் வாங்கி வந்தார். புதன், சனி, ஞாயிறு என வாரம் மூன்று குலுக்கல். “இத்தனை வருஷமா விழல. இப்ப நிறுத்தினா, நிறுத்தின வாரமே விழுந்துடும்” என்பார்.

நிகழ்தகவு என்ற பாடத்தை நம் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் படிக்கிறார்கள். அதிர்ஷ்டத்தைப் பற்றிய நம்பிக்கைகளையோ அதற்கு வெகுமுன்பே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு விடுகிறார்கள். கணக்கையும் அதே கூடத்தில் தொடங்கினால் என்ன?

நோட்டுப் புத்தகத்தில் 16 கட்டங்கள்

“தாயம் விழ எவ்வளவு வாய்ப்பு இருக்கு, சொல்லு?” என்று கேட்டேன்.

“பாதிக்குப் பாதி அத்தை. ஒண்ணு விழும், இல்லாட்டி விழாது.”

பெரும்பாலான பிள்ளைகள் முதலில் சொல்லும் பதில் இதுதான். “நாளைக்கு உன் பள்ளிக்கூடத்துக்கு யானை வரும், இல்லாட்டி வராது. அதுவும் பாதிக்குப் பாதியா?” என்றேன். சிரித்துவிட்டாள். முடிவு இரண்டு வகை என்பதாலேயே இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று ஆகிவிடாது.

எங்கள் தாயக்கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. நோட்டில் நான்குக்கு நான்கு கட்டம் போட்டோம். மேலே முதல் கட்டையின் எண்கள், பக்கவாட்டில் இரண்டாவது கட்டையின் எண்கள். 16 கட்டங்களிலும் கூட்டுத்தொகையை அவளே எழுதினாள். மூன்று என்ற தொகை நான்கு இடங்களில் வந்தது. ஒன்று இரண்டே இடங்களில். ஆறு ஒரே இடத்தில். இரண்டும் வெறுமையாக விழுவதும் ஒரே இடத்தில்தான். அதை ஆட்டத்தில் பன்னிரண்டு என்று கொள்வோம்.

“அதான் பன்னிரண்டு விழுந்தா எல்லாரும் கத்துறீங்களா?” என்று கேட்டாள். பாடம் புரிந்துவிட்டது.

ஆக, தாயத்துக்கு 16ல் 2 வாய்ப்பு. சுருக்கினால் 8ல் 1.

“வெறுமையும் ஒண்ணும், ஒண்ணும் வெறுமையும் ஒண்ணுதானே? ஏன் ரெண்டு தடவை எண்ணணும்?” என்பது அடுத்த கேள்வி. ஒரு கட்டையில் சிவப்பு நூல் கட்டினேன். இப்போது இரண்டும் வேறு வேறு என்று கண்ணுக்குத் தெரிந்தது. இந்த இடத்தில் மேதைகளே சறுக்கியிருக்கிறார்கள். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு நான்கில் மூன்று. பிரெஞ்சுக் கணித மேதை டலம்பேர் 1754ல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் அதை மூன்றில் இரண்டு என்று எழுதினார். சமமில்லாதவற்றைச் சமமாக எண்ணியதுதான் பிழை. பிள்ளை தவறாகச் சொன்னால் அதட்ட வேண்டாம்.

கட்டைக்கு நினைவு கிடையாது

“8ல் 1னா, எட்டு தடவை உருட்டினா ஒரு தடவை கண்டிப்பா விழணுமே?”

நான் பதில் சொல்லவில்லை. உருட்டிப் பார்க்கச் சொன்னேன். எட்டு எட்டாக 20 சுற்று, மொத்தம் 160 உருட்டு. ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டாள். ஆறு சுற்றுகளில் தாயமே இல்லை. சில சுற்றுகளில் இரண்டு, ஒன்றில் மூன்று. மொத்தத்தில் 18 தாயம். கணக்குப்படி எதிர்பார்த்த 20க்குப் பக்கம்.

எட்டு உருட்டில் ஒரு தாயம்கூட விழாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. எட்டில் ஏழு என்பதை எட்டு முறை பெருக்கினால் அது கிடைக்கும். ஏழு முறை விழவில்லை என்பதைக் கட்டை நினைவில் வைத்துக்கொண்டு எட்டாவது முறை நமக்குக் கைகொடுப்பதில்லை. அப்போதும் அதே 8ல் 1தான்.

வீட்டில் முயல்வோருக்கு ஒரு யோசனை. முதலில் பிள்ளையை ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு உருட்டச் சொல்லுங்கள், சூத்திரத்தைக் கடைசியில் சொல்லுங்கள். தாயக்கட்டை இல்லையென்றால் சாதாரணப் பகடை இரண்டு போதும்.

டாக்சி எண்ணின் கணக்கு

“பாட்டி வாங்குற நம்பரும் இப்படித்தானா?” என்று அவளே கேட்டாள். பிள்ளையிடம் 4டி பேசலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். கடைக்கு வெளியே நிற்கும் வரிசையை அவள் தினமும் பார்க்கிறாள். பேசினோம்.

0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். அவற்றில் 23க்குப் பரிசு. ஒரு வெள்ளி ‘பிக்’ பந்தயத்துக்கு முதல் பரிசு 2,000 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 490. அடுத்த பத்து எண்களுக்குத் தலா 250, ஆறுதல் பரிசு பத்துக்குத் தலா 60.

“எல்லா நம்பரையும் வாங்கிட்டா?” என்றாள். அருமையான கேள்வி. 10,000 வெள்ளி கொடுத்து எல்லாவற்றையும் வாங்கினால் எல்லாப் பரிசும் நமக்கே. கூட்டினாள்: 6,590 வெள்ளி. எல்லாப் பரிசையும் வென்றும் 3,410 வெள்ளி நட்டம்! ஒரு வெள்ளிக்குச் சராசரியாக 34 காசு போகிறது.

வாரம் மூன்று குலுக்கல் என்றால் ஆண்டுக்கு 156. ஒரே எண்ணை விடாமல் வாங்கினால், முதல் பரிசு சராசரியாக 64 ஆண்டுகளுக்கு ஒருமுறை. இத்தனை ஆண்டுகளாகக் காத்திருந்தோம் என்பதற்காக அந்த 64ல் ஒரு நாள்கூடக் குறையாது.

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா வந்து நோட்டைப் பார்த்தார். “அப்ப, நிறுத்தினா அந்த வாரமே விழும்னு நான் பயப்படுறது?”

“நிறுத்தினாலும் நிறுத்தாட்டியும் பத்தாயிரத்துல ஒண்ணுதான் பாட்டி.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அது உங்க தாத்தா நம்பர்டி. விழும்னு மட்டுமா வாங்குறேன்?” என்றார். அதற்கு எங்களிடம் கட்டம் இல்லை.

இப்போது அம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாங்குகிறார். மறந்துபோன வாரங்களில் முடிவைத் தேடிப் பார்ப்பதில்லை. தாயக்கட்டைகள் அலமாரிக்குத் திரும்பவில்லை; சிவப்பு நூலோடு கூடத்து மேசையிலேயே கிடக்கின்றன.