கரிசல் காய்ந்தால் எர்த் வேலை செய்யுமா?

வீடு கட்டும்போது எல்லோரும் எர்த் குழி தோண்டுகிறோம். கரியும் உப்பும் போட்டு, இரும்புக் குழாயை இறக்கி மூடியதோடு அதை மறந்துவிடுகிறோம். ஆனால் எட்டயபுரத்து மண் கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் பிடித்துக் குழாயைக் கவ்விக்கொள்ளும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சித்திரை வெயிலில் அதே மண் சுருங்கி வெடித்து, குழாயை விட்டு விலகும். விலகினால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கே சொல்லிவிடும். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை; அதன் அளவு ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மின்திறன்; அதன் அளவு வாட். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் சுமார் 4.35 ஆம்பியர் இழுக்கும். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் அதன் மின்தடை ஏறக்குறைய 53 ஓம்.

இப்போது பிரிட்ஜுக்குள் ஒரு வயர் தேய்ந்து, கரண்ட் அதன் இரும்பு உடம்பைத் தொடுகிறது என்று வையுங்கள். எர்த் குழியின் தடை 5 ஓம் என்றால் (வயரின் சிறு தடைகளை விட்டுவிடுவோம்) 230-ஐ 5-ஆல் வகுக்க, 46 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு நிமிடத்துக்குள் விழுந்துவிடும். அதே குழி கோடையில் காய்ந்து 50 ஓம் ஆனால் பாய்வது 4.6 ஆம்பியர்தான். எம்.சி.பி. அசையாது. பிரிட்ஜும் வழக்கம்போல ஓடும்.

230-ஐ 4.6-ஆல் பெருக்கினால் 1058 வாட். மண்ணுக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியை இரவும் பகலும் ஓடவிட்டதற்குச் சமம். ஒரு நாளைக்கு 25 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 100 இலவச யூனிட்டும் நாலே நாளில் தீரும். காரணமில்லாமல் மின்கட்டணம் எகிறினால் இதையும் சந்தேகியுங்கள்.

பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஈரக் கையோடு, வெறுங்காலில் நிற்பவரின் உடல்தடையைச் சுமார் 1000 ஓம் என்று கொள்ளலாம். ஒளு செய்துவிட்டு வந்து பிரிட்ஜ் கதவைத் தொட்டால் உடம்பில் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் பாயக்கூடும். உயிரைப் பறிக்க அது போதும்.

இதற்காகத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் பொருந்தாவிட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டிக்கும். குழியின் தடை 500 ஓம் ஆனாலும் கசிவது 0.46 ஆம்பியர், அது விழ அதுவே தாராளம். எம்.சி.பி. இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவை.

எர்த் குழியைக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி நனைத்து வாருங்கள். வயர்மேனிடம் எர்த் டெஸ்டர் வைத்துச் சோதிக்கச் சொல்வதும் கோடையிலேயே இருக்கட்டும். மழைக்காலத்தில் எந்தக் குழியும் நல்ல குழிதான். குழி சரியில்லை என்று பிளக்கிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடும் வயர்மேன்கள் இருக்கிறார்கள். அதை அனுமதிக்கவே கூடாது. நியூட்ரல் அறுந்த நொடியில் பிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்ட சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். சுவிட்ச் விழவில்லையென்றால் அன்றே மாற்றிவிடுங்கள்.