தாளிப்பனையும் ஏடும்

கொழும்பிலிருந்து கண்டி செல்லும் புகைவண்டி ரம்புக்கனையைக் கடந்ததும் மலையேறத் தொடங்கும். கடுகண்ணாவை வரையுள்ள அவ்வேற்றத்தில், ஏனைய மரங்களுக்கு மேலே வெளிர்மஞ்சட் பூங்கொத்தொன்று முடிபோல் உயர்ந்து நிற்பதைச் சில வேளைகளிற் காணலாம். அதுவே தாளிப்பனை. கூந்தற்பனை எனவும் வழங்குவர். சிங்களத்தில் ‘தல’ என்பர். 30 முதல் 80 ஆண்டுவரை வளர்ந்து, ஒரே முறை பூத்துக் காய்த்து மடிவது இதன் இயல்பு. நட்டவனே பூவையும் காண்பது அரிது.

தாளுக்கு உதவும் மரங்களை ஆராயுமிடத்து ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். சீனர் மரப்பட்டையை ஊறவைத்து, இடித்து, கூழாக்கித் தாள் வார்த்தனர், கி.பி. 105இல் சாய் லுன் என்பார் அம்முறையை அரசனுக்கு அறிவித்தார் என்பது அந்நாட்டு வரலாறு. நம்மவரோ இலையை இலையாகவே கொண்டனர். எனவே ஏடு காகிதமன்று. காகிதம் என்னும் சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததே.

ஏடு ஆக்குதல் எளிய தொழிலன்று. விரியாத குருத்தோலையை வெட்டி, நரம்பு நீக்கி, சுருளாகச் சுற்றி நீரில் வேகவைப்பர். வெயிலிலும் பனியிலும் உலர்த்தியபின், வழுவழுப்பான மரவுருளையொன்றின்மீது முன்னும் பின்னும் இழுத்து மெருகேற்றுவர். அளவாக நறுக்கித் துளையிட்ட ஏட்டில் எழுத்தாணியாற் கீறும்போது எழுத்துத் தெளிவாகத் தோன்றாது. கரித்தூள் கலந்த குங்கிலிய எண்ணெயைப் பூசித் துடைத்தால், கீறலில் மட்டும் கருமை தங்கும். அவ்வெண்ணெயே பூச்சியையும் ஓரளவு தடுக்கும். மையும் மருந்தும் ஒன்றாயமைந்த இத்திறம் வியத்தற்குரியது.

யாழ்ப்பாணத்தார்க்குக் கிட்டியது பனை. பனையோலை தடித்தது, தாளியோலை அகன்று, மெலிந்து, வளைந்து கொடுப்பது. மாத்தளை அலுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது பௌத்தர் மரபு.

எனினும் எவ்வோலையும் நிலையானதன்று. படியெடுப்போர் இல்லாத நூல் ஓலையோடு அழியும். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்ட மாத்திரத்தில் ஏடுகள் ஒடிந்துதிரும் நிலையைத் தமது பதிப்புரையில் வருந்தி எழுதினார். பிள்ளையவர்கள் காலந்தாழ்த்தியிருப்பின் நாம் இழந்திருக்கக்கூடிய நூல்கள் எத்தனை!

ரம்புக்கனைக்கு அண்மையிலுள்ள பின்னவலையில் 1975இல் யானைகள் காப்பகம் தொடங்கப்பெற்றது. அயலில் யானைச் சாணத்திலிருந்து காகிதம் செய்கின்றனர். யானை தின்ற தென்னோலை, கித்துள் ஆகியவற்றின் நாரே வேகவைத்துக் கூழாகித் தாளாகின்றது. சீனர் உலக்கையால் இடித்துச் செய்ததிற் பாதியை இங்கு யானையின் வயிறே செய்துவிடுகின்றது.